உறைந்த உடலும் 2045-உம்

கேள்வி: பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மகன், 2045-இல் மனிதனும் எந்திரமும் ஒன்றாகிச் சாவே இல்லாமல் போகும், அதுவரை உடலை உறையவைத்துக் காத்திருக்கலாம் என்கிறான். இது விஞ்ஞானமா, புது மதமா?
– வாசகர், தக்கலை

பதில்: 2045 என்பது அமெரிக்கக் கணினி அறிஞர் ரே கர்ஸ்வைல் குறித்த கெடு. 1993-இலேயே அறிவியல் புனைகதை எழுத்தாளர் வெர்னர் விஞ்சி, மனிதனை மிஞ்சும் அறிவை உருவாக்கும் வழி முப்பது ஆண்டுக்குள் வரும் என்று எழுதினார். குளச்சலில் காற்று எச்சரிக்கை பொய்த்தால் மறுநாளே தெரிந்துவிடும். இங்கே கெடு தள்ளிப்போகும், நம்பிக்கை குறையாது. மதத்தின் சாயல் அதில்தான்.

உறையவைப்பதில் ரத்தத்தை வடித்து உறைதடுப்புத் திரவம் ஏற்றுவார்கள். இல்லையேல் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். அந்தக் குளிரில் உறுப்புகளில் விரிசல் விழும். நைட்ரஜனும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நிரப்பக் காசு வேண்டும். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் இப்படி உடல்களைக் காத்த நிலவறைக்குக் காசு நின்றது; ஒன்பது உடல்கள் அழுகிப்போனது 1979-இல் வெளிவந்தது. இதுவரை உறைந்த யாரும் எழுந்ததில்லை.

கர்ஸ்வைல் எழுப்பும் சில கேள்விகள் நியாயமானவைதான். ஆனால், இந்த நம்பிக்கையாளர்களில் சிலர், இனிமேல் பிறக்கப்போகும் கோடானுகோடிப் பேரின் நன்மைக்கு என்று சொல்லி, இன்று வேலை இழப்பவரைக் கணக்கிலிருந்து கழிக்கும் வாதம் ஆபத்தானது. மகனிடம் கேளுங்கள்: எது நடந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வாய்?