19–8 தோல்வி: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

வேலைக்காக பாஸ்டன் வந்த பிறகுதான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தேன். 2004 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் (நான்கு ஆட்டம் வென்றவருக்குத் தொடர்) முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்ற பாஸ்டன் அணி ரெட் சாக்ஸ், அடுத்த நான்கையும் வென்று நியூயார்க் யாங்கீஸை வீட்டுக்கு அனுப்பிய கதையை இங்கே ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எல்லாரும் ரெட் சாக்ஸின் டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடிய, அதாவது யாரும் பந்தை அடிக்காமலேயே ஓடி அந்த முனையைப் பிடித்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். பதிவைப் பார்த்தேன். கை கொஞ்சம் பிந்தியிருந்தால் அவுட். அப்படியென்றால் அது அதிர்ஷ்டம்தானே? இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த இடம் நூலிழைதான், மறுக்கவில்லை. அக்டோபர் 17, நான்காவது ஆட்டம், ஒன்பதாவது, அதாவது வழக்கமான கடைசி இன்னிங்ஸ். யாங்கீஸ் 4–3 என்று முன்னிலை, பந்து அவர்களுடைய பிட்சர் (பந்து வீச்சாளர்) மரியானோ ரிவேரா கையில். வாக் வாங்கிய (நான்கு மோசமான பந்துகளால் அடிக்காமலே முதல் பேஸ் பெற்ற) கெவின் மிலாருக்குப் பதிலாக ஓட ராபர்ட்ஸ் இறங்குகிறார். அவர் ஓடப்போகிறார் என்று மைதானத்துக்கே தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து அவரை மடக்கப் பார்த்தார். அப்படியும் பேட்ஸ்மேனுக்கு வீசிய முதல் பந்திலேயே ஓடினார். பில் மியூலர் அடித்தார், ராபர்ட்ஸ் ஓடி ரன் எடுத்தார், ஆட்டம் சமன். கூடுதல் இன்னிங்ஸ்களுக்குப் போய், 12ஆவதில் ரெட் சாக்ஸின் டேவிட் ஆர்ட்டீஸ் அடித்த ஹோம் ரன்னில் வெற்றி.

ஆனால் தொடர் எங்கே திரும்பியது என்று என்னைக் கேட்டால், அதற்கு முந்தைய நாள் என்பேன். ரெட் சாக்ஸ் சொந்த மைதானத்திலேயே 19–8 என்று உதைபட்ட நாள்.

15ஆம் தேதி மழை. மூன்றாவது ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போனது, நடுவில் இருந்த ஓய்வு நாளும் போயிற்று. ஆக 16 முதல் 20 வரை தினம் ஓர் ஆட்டம். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் நூறு பந்து வீசினால் வழக்கமாக நான்கு நாள் ஓய்வு வேண்டும். அதனால் இப்படி ஒரு வாரத்தில் யார் எத்தனை ரன் அடித்தார்கள் என்பதோடு, நாளைக்கு வீச யார் தோளில் தெம்பு மிச்சம் என்பதும் பெரிய கணக்கு. 16ஆம் தேதி பிட்சர்கள் ஒவ்வொருவராக அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆட்டத்தைத் தொடங்க வேண்டியவர் டிம் வேக்ஃபீல்ட். அவரே மேனேஜர் டெர்ரி ஃபிரான்கோனாவிடம் போய், நான் இறங்குகிறேன் என்றார். மூன்று இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். அவரும் நன்றாக அடி வாங்கினார். மறுநாள் வாய்ப்பும் கைவிட்டுப் போனது.

அதற்குக் கிடைத்த பலனைப் பாருங்கள். கடைசி இன்னிங்ஸ்களை முடித்து வைக்கும் பிட்சர் கீத் ஃபோல்க் அன்று ஒரு பந்துகூட வீச வேண்டியிருக்கவில்லை. மறுநாள் ஏழாவது இன்னிங்ஸிலேயே இறங்கி, ஒன்பது முடியும்வரை யாங்கீஸை ஒரு ரன்கூட எடுக்கவிடவில்லை. ராபர்ட்ஸ் ஓடும்போது ஆட்டம் 4–3இல் நின்றது அதனால்தான். வேக்ஃபீல்டின் இடத்தில் நான்காவது ஆட்டத்தைத் தொடங்கியவர் டெரெக் லோ. அந்த அக்டோபரில் தொடக்க வரிசையில் இடமே இல்லாமல் இருந்தவர். அதே லோ, இரண்டே நாள் ஓய்வோடு ஏழாவது ஆட்டத்தில் இறங்கி, ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட்தான் (பேட்ஸ்மேனை பேஸ் சேர்க்கும் அடி) கொடுத்தார். 10–3, அதுவும் யாங்கீஸ் மைதானத்தில்.

ஆறாவது ஆட்டத்தில் கணுக்காலில் தையலோடு வீசிய கர்ட் ஷில்லிங்கின் ரத்தம் கசிந்த காலுறையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு ஐந்தாவது ஆட்டம்தான் பெரிது. 5 மணி 49 நிமிடம், 14 இன்னிங்ஸ். 12ஆவதில் இறங்கியவர் யார்? மறுபடியும் வேக்ஃபீல்ட்! 2003இல் இதே யாங்கீஸிடம் ஏழாவது ஆட்டத்தின் 11ஆவது இன்னிங்ஸில் ஆரன் பூனுக்கு ஹோம் ரன் கொடுத்துத் தொடரை இழந்தவர் அவர். அந்தத் தொடரில் இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்தவரும் அவர்தான், அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? அவர் வீசுவது நக்கிள்பால். சுழலாமல் மிதந்து வரும், கடைசி நொடியில் எங்கே இறங்கும் என்று வீசியவருக்கே தெரியாது. அதைப் பிடித்துப் பழகிய டக் மிராபெல்லி அன்று களத்தில் இல்லை. ஜேசன் வாரிடெக்தான் கேட்சர் (பேட்ஸ்மேனுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்). 13ஆவது இன்னிங்ஸில் மட்டும் மூன்று பந்துகள் அவர் கையுறைக்குத் தப்பி ஓடின. இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் யாங்கீஸ் ஆட்கள் நிற்க, ஆட்டம் 4–4. இன்னொரு பந்து தப்பினால் யாங்கீஸ் முன்னிலை. அந்த நிலையிலும் வேக்ஃபீல்ட் நக்கிள்பாலை விடவில்லை. யாங்கீஸ் பேட்ஸ்மேன் ரூபன் சியராவை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், வாரிடெக் பிடித்துவிட்டார். அடுத்த இன்னிங்ஸில் ஆர்ட்டீஸ் மறுபடியும் முடித்து வைத்தார்.

ராபர்ட்ஸின் கை முந்தியது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்குப் பிறகும் மூன்று ஆட்டங்களை வென்றாக வேண்டியிருந்தது. அதற்கான ஆட்கள், தோற்றுப்போன ஆட்டத்தில் ஒருவர் தன் தோளைக் கொடுத்ததால் மிஞ்சியவர்கள். நான் கொண்டாடுவது அதைத்தான்.

வேக்ஃபீல்ட் 2023 அக்டோபரில் காலமானார். இந்தத் தொடருக்குப் பின் வந்த 2004 உலகத் தொடரின் (இரு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் இறுதி) முதல் ஆட்டத்தைத் தொடங்க ஃபிரான்கோனா பந்தைக் கொடுத்தது அவரிடம்தான். முடிந்தால் ஐந்தாவது ஆட்டத்தின் பதிவை 12ஆவது இன்னிங்ஸிலிருந்து பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.