வாட்டர்கலரில் எனக்கென்று ஒரு பாணி எப்படி வரும்?

‘புதுச்சேரியில் இருக்கிறேன். வீடியோ பார்த்து வரைகிறேன். நிறம் சேறாகிவிடுகிறது. படமும் அந்த வீடியோக்காரர் வரைந்தது மாதிரியே இருக்கிறது. என்ன செய்யலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பெட்டியில் நிறம் அதிகம். 24 நிறப் பெட்டியை மூடி வையுங்கள். எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் (அடர் நீலம்) மூன்றும் போதும். உங்கள் ஊரின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். ஓரத்து வெள்ளைப் பட்டைக்குத் தாளை அப்படியே விடுங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், சுவர் செத்துவிடும். அல்ட்ராமரினை மட்டும் மஞ்சள்மேல் போட்டால் பச்சை தட்டும். அதில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா கலந்து, சுவர் நன்றாகக் காய்ந்தபின் ஒரே வீச்சில் போட்டுவிட்டுத் தொடாமல் இருங்கள்.

தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். நம் கடற்காற்றில் தாள் மெதுவாகக் காயும். கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். பளபளவென்று மின்னினால் நிறம் தானாக ஓடிக் கலக்கும், அழகாக இருக்கும். மினுக்கம் அடங்கிப் பட்டுத்துணி மாதிரி மங்கியிருக்கும்போது ஈரத் தூரிகையை வைத்தால் காலிஃபிளவர் போலத் திட்டு விழும். அது உங்கள் கைக்குறை அல்ல. தூரிகையின் நீர் பாதி காய்ந்த தாளுக்குள் பாய்ந்து நிறமியை ஓரத்துக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை.

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடையுள்ள, தடித்த) பருத்தித் தாள் வாங்கி, அஞ்சலட்டை அளவில் வெட்டிக்கொண்டால் செலவு கட்டுப்படும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கால ஈரக்காற்றில் தாளைத் திறந்து வைத்தால் அதன் மேற்பூச்சு கெட்டு, மையொற்றுத் தாள் மாதிரி நிறத்தை உறிஞ்சும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட ஜிப் கவரில் வையுங்கள்.

இனி பாணி. ஒரே சுவரை, ஒரே எட்டாம் எண் உருண்டைத் தூரிகையால், படத்துக்கு 20 நிமிடம் என்று 12 முறை வரையுங்கள். பன்னிரண்டையும் தரையில் பரப்பிப் பாருங்கள். விளிம்புகள் கரைந்திருக்கின்றனவா, நறுக்கென்று நிற்கின்றனவா? எவ்வளவு வெள்ளை விட்டிருக்கிறீர்கள்? மூன்றில் எந்த நிறம் மேலோங்குகிறது? யாரும் சொல்லித்தராமல் திரும்பத் திரும்ப வந்திருப்பது எதுவோ, அதுதான் உங்களுடையது. அடுத்த பன்னிரண்டில் அதைக் கூட்டுங்கள்.

அதன்பின் நான்காவது நிறம் வாங்கலாம். குவினக்ரிடோன் ரோஸ் என்ற பளிச்சென்ற இளஞ்சிவப்பு. சுவரில் தொங்கும் காகிதப்பூவுக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் கிடையாது.