அப்பா வீட்டில் இருக்கும் பிறந்தநாள்

கேள்வி: அக்கா, என் மகளுக்கு மே மாதம் ஏழு வயது முடிகிறது. வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்போது கையில் காசு இருக்காது, அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய்தான். போன வருடம் என் தோட்டை அடகு வைத்து, மண்டபம் பிடித்து, 80 பேருக்குப் பிரியாணி போட்டோம், தோடு இன்னும் கடையில்தான் கிடக்கிறது. இந்தத் தடவை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்றால் நாத்தனார், "பிள்ளை ஏங்கிப் போயிடும்" என்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வீட்டிலேயே வையுங்கள் தங்கச்சி, தயங்கவே வேண்டாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வருமானம் இல்லை, எல்லாம் சரி. ஆனால் மற்ற மாதங்களில் ராத்திரியெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வந்து பகலில் அசந்து தூங்குகிற அப்பாவை, உங்கள் மகள் முழுசாகப் பார்ப்பது இந்த நாட்களில்தானே? அவள் பிறந்தநாள் அதற்குள் வருகிறது, இதைவிட அவளுக்கு வேறென்ன வேண்டும். காலையில் அப்பா நுங்கு சீவிக் கொடுக்கட்டும், பனையோலையில் காற்றாடி செய்து கொடுக்கட்டும், சாயங்காலம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்வரட்டும்.

என் பெரியவனுடைய மூன்றாவது பிறந்தநாளுக்கு நாங்களும் ஊரையே கூப்பிட்டோம். ராத்திரி ஒன்பது மணிக்குத் தூங்கிப்போன பிள்ளையை உலுக்கி எழுப்பிக் கேக் வெட்டவைத்தோம், போட்டோவில் அவன் அழுதுகொண்டு நிற்கிறான், அந்த ஆல்பத்தை எடுத்தாலே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அப்புறம் மொய். வந்தவர்கள் வைத்த ஒவ்வொரு நூறு ரூபாயையும் அவரவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், அதுவும் கடன்தான்.

கேக் கேட்பாள், அதை நீங்களே செய்யலாம். ஒரு கப் ரவையை அரை கப் தயிரிலும் அரை கப் தேங்காய்ப்பாலிலும் அரை மணி நேரம் ஊறவைத்து, முக்கால் கப் கருப்பட்டிப் பாகை ஆறவைத்து ஊற்றி, இரண்டு ஸ்பூன் எண்ணெய், கால் ஸ்பூன் ஆப்ப சோடா சேர்த்துக் கலக்குங்கள். குக்கரில் உப்பைப் பரப்பி, ரப்பர் வளையத்தையும் விசிலையும் கட்டாயம் கழற்றிவிட்டு, உள்ளே கலவைக் கிண்ணத்தை வைத்துச் சின்னத் தீயில் 40 நிமிடம். குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டக்கூடாது, ஒட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். மத்தியானச் சாப்பாட்டை அவளிடமே கேளுங்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் சூடை மீனோ நண்டோ கிடைக்கும். தெருப்பிள்ளைகள் ஐந்தாறு பேர் வந்தால் போதும், பாண்டி ஆடிக்கொண்டே பொழுதை ஓட்டிவிடுவார்கள். பலூன் மட்டும் வேண்டாம், நம் பக்கத்துக் காற்றுக்கு அது நேராகக் கடலில்தான் போய் விழும், ஆமை இரை என்று விழுங்கிவிடும். கலர் பேப்பரில் தோரணம் கட்டுங்கள்.

நாத்தனாரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். அத்தை முறைக்கு அன்று தலையில் எண்ணெய் வைத்து விட வாருங்கள் என்று முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். நிவாரணப் பணம் வந்ததும் ஒரு பகுதியைத் தோட்டுக்குக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: பேரனுக்கு நட்சத்திரப்படி செய்வதா, ஆங்கிலத் தேதியிலா? வீட்டில் தினம் சண்டை.
- ஒரு தாத்தா, தேவிபட்டினம்

பதில்: ஐயா, நட்சத்திரத்தன்று கோயிலில் அவன் பெயருக்கு ஒரு அர்ச்சனை, ஆங்கிலத் தேதியில் பள்ளிக்கூடத்துக்கு மிட்டாய். அவன் சிநேகிதர்களுக்குத் தேதிதான் தெரியும். 27 நாளில் நட்சத்திரம் சுற்றி வருவதால் சில வருடம் ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு தடவை வரும், அப்போது பின்னால் வருவதை எடுத்துக்கொள்வது வழக்கம். பாயசத்தை எந்த நாளில் வைப்பது என்பதைப் பேரனே சொல்லட்டும்.