கேமரா கேள்வி-பதில்: குரங்கு கருப்பு, வானம் வெள்ளை

இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி வெளிச்சத்தைப் பற்றியவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயரோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: வால்பாறையில் சிங்கவால் குரங்கை எடுத்தால் கரிக்கட்டை மாதிரி விழுகிறது, முகமே தெரிவதில்லை. வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் வெளுத்துப்போகிறது. ஆட்டோவா, மேனுவலா, எதில் வைத்து எடுப்பது சார்? (பொள்ளாச்சி)

ஆட்டோவா மேனுவலா என்பது அப்புறம். எதிரே நிற்பது குரங்கா கொக்கா என்று கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குத் தெரியாது, அது பார்ப்பதையெல்லாம் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும், அவ்வளவுதான். குரங்கு உச்சிக் கிளையில் உட்கார்ந்து பின்னால் வானம் வெளேரென்று இருந்தால், "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். அதே குரங்கு இறங்கிவந்து, பின்னால் அடர்ந்த இலையிருட்டு இருக்கும்படி அடிமரத்தில் உட்கார்ந்தால், இப்போது கேமரா வெளிச்சம் போதவில்லை என்று தூக்கும்; கருப்பு ரோமம் சாம்பலாகி, முகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளி நிறப் பிடரி வெந்துபோகும். ஆக, ஒரே விலங்குக்கு அஞ்சு நிமிஷ இடைவெளியில் நேரெதிரான இரண்டு திருத்தம். பின்னால் வானம் என்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் வசதி) கூட்டலில் 1 முதல் 1.7 வரை கொண்டுபோங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். பின்னால் இருட்டு என்றால் கழித்தலில் 0.7 அல்லது 1. எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி அந்தப் பிடரியைப் பாருங்கள். அங்கே முடி தனித்தனியாகத் தெரிகிறது, கண்ணில் ஒரு சின்ன ஒளிப்புள்ளியும் இருக்கிறது என்றால் போதும், மற்றதைக் கணினியில் சரி செய்துகொள்ளலாம், அதுவும் ராவ் கோப்பாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால்.

சரி, மோடு. நான் வைப்பது மேனுவல், ஆனால் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மட்டும் ஆட்டோவில். ஷட்டர் 1/500 விநாடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 6400-க்கு மேல் போகாதபடி ஒரு வரம்பு. மேகம் வந்து போவதை ஐ.எஸ்.ஓ. பார்த்துக்கொள்ளும், நீங்கள் கட்டைவிரலில் காம்பன்சேஷனை மட்டும் உருட்டினால் போதும். இப்போது வரும் பெரும்பாலான கேமராக்களில் இது வேலை செய்யும்.

இதையெல்லாம்விட நல்ல வைத்தியம் ஒன்று உண்டு: இரண்டடி நகர்வது. அந்தப் பக்கத்துச் சாலைகள் சரிவை வெட்டிப் போட்டவை, மேல் பக்கம் நின்று கீழ்ச்சரிவு மரங்களைப் பார்த்தால் மர உச்சி உங்கள் கண் மட்டத்துக்கே வந்துவிடும், பின்னணியில் வானத்துக்குப் பதில் எதிர்ச்சரிவின் பச்சை. ஆனால் பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டிக் குரங்கைக் கீழே வரவழைத்து எடுக்கிறார்களே, அவர்களுக்கு நான் பதில் எழுதுவதாக இல்லை. சாலையில் இறங்கி வண்டியில் அடிபடக் கூடாதென்றுதான் அங்கே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: சூரியன் தாழ்வாக இருக்கும் பொன்னொளி நேரம் என்று ஒரு மணி நேரம் கிடைக்கும் என்கிறார்கள் வீடியோக்களில். கோடியக்கரையில் எனக்கு அரை மணிகூடக் கிடைப்பதில்லையே? (வேதாரண்யம்)

கிடைக்காது. அந்த வீடியோக்களில் முக்கால்வாசி ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ எடுத்தவை. அங்கே சூரியன் சாய்வாக, அடிவானத்தை உரசிக்கொண்டு ஏறும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், இங்கே கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும். மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில், சூரியன் அடிவானத்திலிருந்து 6 டிகிரி ஏற கோடியக்கரையில் சுமார் 25 நிமிடம், லண்டனில் 40-ஐ ஒட்டி. டிசம்பரில் லண்டன்காரருக்கு உச்சிப்பொழுதிலேயே சூரியன் 15 டிகிரி உயரம்தான், நாள் முழுக்கச் சாய்ந்த ஒளி. அவர் டீ குடித்துவிட்டு நிதானமாக வரலாம், நாம் வர முடியாது.

அதனால் சூரியன் வருவதற்கு அரை மணி முன்பே இடத்தில் நில்லுங்கள். உதயத்துக்கு முந்திய அந்த இருபது சொச்சம் நிமிட வெளிச்சத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பூநாரைக் கூட்டத்தின் இளஞ்சிவப்பு அப்போது மெல்லிசாக நன்றாக வரும். சூரியன் தலைகாட்டியதும் வெளிமானுக்குப் போங்கள், மானை உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் வைத்து எதிர்ஒளியில் எடுத்தால் முறுக்குக் கொம்பின் ஓரத்தில் ஒரு பொன் கோடு ஓடும். ஆண் மானின் முதுகு கருமை, வயிறு வெள்ளை என்பதால், முழு வெயில் வந்தபின் நேர்ஒளியில் இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றுவது சிரமம். அப்போது வெள்ளையைக் காப்பாற்றுங்கள், கருப்பிலிருந்து விவரத்தை மீட்கலாம், வெந்துபோன வெள்ளையில் மீட்க ஒன்றும் இருக்காது.

"400 மி.மீ. லென்ஸில் பூநாரை கூர்மையாகவே வரவில்லை, சர்வீஸுக்குக் கொடுக்கலாமா" என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. கொடுக்காதீர்கள். வெயில் ஏறியதும் சேற்றுவெளிக்கு மேல் காற்று சூடாகி அலைபாயும், அந்தக் கானல் வழியாகத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் ஒரு வேலிக்கம்பை எடுத்துப் பாருங்கள், அது பளிச்சென்று வந்தால் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாலும் கானலை வெல்ல முடியாது. ஒன்று கிட்டே வரும் பறவையை எடுக்க வேண்டும், இல்லை மறுநாள் விடியலில் வர வேண்டும்.

கேள்வி: என்னிடம் செல்போன்தான். கன்னியாகுமரியில் சூரியன் வெள்ளை உருண்டையாகவே வருகிறது. (நாகர்கோவில்)

சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள், வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். பல போன்களில் கூடவே ஒரு சின்னச் சூரியக் குறியோ கோடோ வரும், அதைக் கீழே இழுங்கள், நிறம் திரும்பிவிடும். விரலால் இழுத்து ஜூம் செய்யாதீர்கள். அப்புறம் மாதத்தையும் பாருங்கள்: டிசம்பரில் சூரியன் தென்மேற்காக, திறந்த கடல் பக்கம் விழும். ஜூனில் வடமேற்காக, கரைப் பக்கம் சாய்ந்துவிடும். கடலில் விழவில்லை என்று போனைத் திட்டிப் பயனில்லை.

கேள்வி: காட்டில் மதிய வெயிலில் படமே எடுக்கக் கூடாதா? (கூடலூர்)

யார் சொன்னது? வண்ணம்தான் சோபிக்காது. இலைக்கு நடுவே விழும் வெயில் திட்டுத்திட்டாக, மானின் பாதி முகத்தை எரித்து மீதியை இருட்டில் போடும். ஆனால் யானைத் தோலின் சுருக்கத்தைக் காட்ட அந்த வன்வெயிலைப் போல் எதுவுமில்லை, அதைக் கருப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள். காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996) பெரும்பாலும் கருப்பு-வெள்ளையில்தான் யானைகளை எடுத்தார், இன்றைக்குப் பார்த்தாலும் அந்தப் படங்களில் வண்ணம் இல்லையே என்று தோன்றாது.

மழைக்காலம் என்றால் இன்னும் சுலபம், மேகம் மூடியிருந்தால் நடுப்பகலும் காலைதான். ஈர இலை மினுமினுத்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும், லென்ஸ் முன்னால் போலரைசர் (மினுமினுப்பை வெட்டும் ஃபில்டர்) போட்டு மெதுவாகச் சுழற்றினால் மினுமினுப்பு போய் உள்ளே இருக்கும் பச்சை எழும். வெளிச்சத்தில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) சாப்பிட்டுவிடும் என்பதால் ஓடும் விலங்குக்கு முன் கழற்றிவிடுங்கள். முகமெல்லாம் பச்சையடித்தால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) நம்பாமல் "மேகமூட்டம்" என்பதில் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: இரவில் மானை ஃபிளாஷ் போட்டு எடுக்கலாமா? (ஈரோடு)

கூடாது.

கேள்வி: அலை பால் மாதிரி வர எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்துவைப்பது? கடற்கரைக்குப் போனால் லென்ஸில் பனி படிகிறதே, அதற்கு என்ன செய்வது? (சென்னை)

பால் கடல் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. 30 விநாடி திறந்துவைத்தால் எந்த ஊர்க் கடலும் ஒரே மாதிரி மூட்டமாகிவிடும். நம் வங்கக் கடலின் குணம் வேறு, அலை மடார் என்று உடைந்து, மணலை அரித்துக்கொண்டு திரும்பி ஓடும். அது திரும்பும்போது 1/4 முதல் 1/2 விநாடி வைத்து எடுங்கள், நுரை இழை இழையாக நீளும். டிரைபாட் கால் ஈர மணலில் இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் அழுத்தி நட்டுவிட்டு, ஓர் அலை போனபின் எடுங்கள்.

லென்ஸில் படிவது பனி இல்லை, ஏ.சி. அறையில் குளிர்ந்த கண்ணாடியில் கடற்காற்றின் ஈரம் படிகிறது. பையை மூடியபடியே அரை மணி வெளியே வைத்திருந்து பிறகு திறந்தால் வராது. அவசரப்பட்டுத் துணியால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து கீறிவிடும், முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். வீடு திரும்பியதும் கேமரா உடம்பை லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்து, காற்று போகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் பையிலேயே போட்டுவைத்த லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்ன ஒரு மழைக்காலமே போதும்.