வேக மீறல் வழக்கு: ஆதாரம் கேட்பது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆதாரங்களை விசாரணை நாளன்று நீதிமன்றத்தில் கேட்டால் போதாதா?

பதில்: போதாது. வேக மீறலுக்கான அபராதச் சீட்டு கைக்கு வந்த வாரத்திலேயே, வழக்குத் தொடுத்த எதிர்த்தரப்பிடம் எழுத்து மூலம் கேளுங்கள். கடித நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அவர்கள் தராமல் இழுத்தடித்தால், வாய்தா கேட்கவும் ஆவணங்களைத் தர உத்தரவிடும்படி கோரவும் அந்த ஒப்புகைச் சீட்டுதான் உங்களுக்குத் துணை.

கேள்வி: "எல்லா ஆதாரங்களையும் தரவும்" என்று எழுதினேன். அபராதச் சீட்டின் நகல் மட்டுமே வந்தது.

பதில்: மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும், இதை எத்தனை முறை எழுதுவது? வேகத்தை அளந்த கருவியின் மாதிரி (மாடல்), வரிசை எண், சம்பவ நாளுக்கு முன் கடைசியாகப் பெற்ற அளவுத்திருத்தச் சான்றிதழ் (கருவி சரியாக அளக்கிறது என்பதற்கான சான்று), பழுதுபார்ப்புப் பதிவேடு, பணி தொடங்குமுன் செய்த சோதனையின் குறிப்பு, இயக்கியவரின் பயிற்சிச் சான்று, அவர் கைப்பட எழுதிய குறிப்புகள், படங்கள் என்று தனித்தனியே பெயர் சொல்லிக் கேளுங்கள். வந்ததை உறையோடு நீதிமன்றத்துக்குத் தூக்கிச் செல்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் பார்த்த ஒரு வழக்கில், அபராதச் சீட்டில் இருந்த கருவியின் வரிசை எண் 7இல் முடிந்தது, சான்றிதழில் இருந்ததோ 1இல் முடிந்தது. அதை வண்டி ஓட்டியவர் கவனிக்கவே இல்லை. வேறொரு கருவியின் சான்றிதழ் உங்கள் வழக்குக்கு எதையும் நிரூபிக்காது. சம்பவத்துக்குப் பிந்தைய தேதியிட்ட சான்றிதழும், சம்பவ நாளன்று கருவி சரியாக இருந்தது என்பதைத் தானாக நிரூபித்துவிடாது. எண்ணையும் தேதியையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: கருவி சாய்கோணத்தில் இருந்ததால் வேகம் கூடுதலாகக் காட்டியதாக வாதிடலாமா?

பதில்: வேண்டாம். நிலையாக நிற்கும் ரேடாரும் லேசரும் சாய்கோணத்தில் வேகத்தைப் பொதுவாகக் குறைத்தே காட்டும். 20 பாகையில் மணிக்கு 100 கிலோமீட்டர் சுமார் 94 ஆகத் தெரியும்.

கேள்வி: பக்கத்தில் வேறு வண்டிகளும் சென்றன. அதைச் சொல்லலாமா?

பதில்: கருவி எதுவென்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? சுமார் 12 பாகை விரியும் ரேடார் கற்றை 300 மீட்டர் தொலைவில் 60 மீட்டருக்கும் சற்று அதிகமான அகலத்துக்குப் பரவுவதால், எந்த வண்டியின் வேகம் அது என்று கேட்க இடமுண்டு. லேசர் கற்றை அதே தொலைவில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால்தான் கருவியின் மாதிரியை முதலில் கேட்கச் சொல்கிறேன்.

கேள்வி: கேமரா எடுத்த இரண்டு படங்களில் ஒன்றுதான் அனுப்பினார்கள்.

பதில்: இரண்டாவதையும் எழுத்து மூலம் கேளுங்கள். அரை வினாடி இடைவெளியில் வண்டி 10 மீட்டர் நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். சாலையில் அளவுக் கோடுகள் இருந்தால் நீங்களே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம்.