ஹோமில் இடமுண்டு, ரூட்டில் இல்லை: லினக்ஸ் கைப்பேசி குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: சோனி எக்ஸ்பீரியா எக்ஸ் கைப்பேசியில் செயில்ஃபிஷ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறேன். புதிய பதிப்புக்கு மாற முயன்றால் போதிய இடமில்லை என்று மறுக்கிறது. மொத்தமுள்ள 32 ஜிபியில் கால் பங்கு காலியாகவே இருக்கிறது. படங்களை அழித்துப் பார்த்தும் பயனில்லை. தரவை இழக்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். உங்கள் படங்கள் ஹோம் என்ற வால்யூமில், அதாவது சேமிப்பகத்தின் ஒரு தனிப் பகுதியில், இருக்கின்றன. இயங்குதளமோ ரூட் என்ற வேறொரு வால்யூமில் இருக்கிறது. ஆகவே ஹோமில் எவ்வளவு அழித்தாலும் ரூட்டுக்கு ஒரு துளி இடமும் கூடாது. ஃபின்லாந்தின் யொல்லா நிறுவனம் 2017-இல் இந்தக் கைப்பேசிக்கான பதிப்பை வெளியிட்டபோது ரூட்டுக்கு 2.5 ஜிபி ஒதுக்கி, எஞ்சியதை ஹோமுக்கு விட்டது. ஆண்ட்ராய்டு செயலிகளை இயக்கும் துணைத்தொகுப்பும், நாம் கூடுதலாக நிறுவும் நிரல்களும் ரூட்டில்தான் சேர்கின்றன என்பதால், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் நெருக்கடி சற்றுக் கூடுகிறது. எனவே முதலில் ரூட்டில் எவ்வளவு மிச்சமுள்ளது என்பதை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் செயலியில்) பார்த்து, பயன்படுத்தாத நிரல்களை நீக்குங்கள். அதிலேயே காரியம் முடிந்துவிட்டால் மேற்கொண்டு எதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

முடியாவிட்டால் அளவுகளை மாற்றத்தான் வேண்டும். இவ்விரண்டு வால்யூம்களும், வால்யூம்களின் அளவை மாற்ற வழிசெய்யும் எல்விஎம் என்ற ஏற்பாட்டின் கீழ், ஆண்ட்ராய்டின் யூசர்டேட்டா என்ற ஒரே பார்டிஷனுக்குள்ளேயே (சேமிப்பகத்தின் அடிப்படைப் பிரிவு) அடங்கியிருப்பது நமக்கு வசதி. எல்லையை உள்ளுக்குள்ளேயே நகர்த்திக்கொள்ளலாம். எந்தப் பார்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துவைத்திருக்கும் பார்டிஷன் அட்டவணையைத் திறக்கவே வேண்டியதில்லை. திறக்கவும் கூடாது என்று வலியுறுத்திச் சொல்வேன். கைப்பேசியைத் துவக்கும் பூட்லோடர், அலைபேசி இணைப்பைக் கவனிக்கும் மோடம் ஆகியவற்றுக்கான பார்டிஷன்களும், அந்தந்தக் கருவிக்கே உரிய சாவிகளைச் சோனி வைத்திருக்கும் டிஏ பார்டிஷனும் அந்த அட்டவணையில்தான் இருக்கின்றன. டிஏ பார்டிஷன் கெட்டால் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதால் அதைத் திரும்பப் பெற இயலாது.

வேலையின் உயிர், வரிசையில் இருக்கிறது. வால்யூம் என்பது வயல். கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை அதில் நிற்கும் பயிர். வரப்பை உள்ளே தள்ள வேண்டுமானால் அந்த ஓரத்துப் பயிரை முதலில் அகற்றியாக வேண்டும். வெளியே தள்ளுவதானால் வரப்பை நகர்த்திய பிறகே புதிய மண்ணில் நட முடியும். அதாவது, சுருக்கும்போது கோப்பு முறைமை முதலில், வால்யூம் பிறகு. விரிக்கும்போது வால்யூம் முதலில், கோப்பு முறைமை பிறகு. வால்யூமைக் குறைக்கும் எல்விரெட்யூஸ் (lvreduce) கட்டளையின் பழைய பதிப்புகள், தனியாகக் கேட்டுக்கொண்டாலொழிய, உள்ளே இருக்கும் கோப்பு முறைமையைப் பற்றிக் கவலைப்படாமல் வால்யூமை வெட்டிவிடும் என்பதால், இந்த வரிசை பிறழ்வதே பெரும்பாலான தரவு இழப்புகளுக்குக் காரணமாகிறது.

இங்கே பயன்படும் இஎக்ஸ்டி4 வகைக் கோப்பு முறைமையை இயங்கும்போதே விரிக்கலாம். சுருக்குவதற்கு அது பயன்பாட்டில் இருக்கக் கூடாது. ஆகவே கைப்பேசியை, கணினியின் ஆணைகளை ஏற்கும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுசென்று, யொல்லா தரும் ரெக்கவரி இமேஜைக் (பழுதுநீக்கத்துக்கான சிறு இயங்குதளம்) கணினியிலிருந்து ஏற்றி, டெல்நெட் என்ற இணைப்பு நிரல் வழியாக 10.42.66.66 என்ற முகவரியில் நுழைந்து, பட்டியலில் கட்டளைகள் இடுவதற்கான ஷெல்லைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் இப்போது 20 ஜிபி, அதில் 12 ஜிபி நிறைந்திருக்கிறது, ரூட்டை 5 ஜிபியாக்க விரும்புகிறீர்கள் என்று கொள்வோம். இ2எஃப்எஸ்சிகே (e2fsck) கட்டளை கொண்டு ஹோமை முழுமையாகச் சோதித்துவிட்டு, ரீசைஸ்2எஃப்எஸ் (resize2fs) மூலம் அதன் கோப்பு முறைமையை 15 ஜிபிக்குச் சுருக்குங்கள். இறுதி அளவு 17.5 ஜிபியாக இருக்கும்போது 15-க்கு இறங்குவது ஏன் என்று தோன்றலாம். கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும் வெட்டு பயிரின் மேல் விழாதிருக்கவே இந்த இடைவெளி. அடுத்து ஹோம் வால்யூமை 2.5 ஜிபி குறைத்து, எல்விஎக்ஸ்டெண்ட் (lvextend) மூலம் ரூட் வால்யூமை அதே அளவு கூட்டுங்கள். ரூட்டைச் சோதித்து, அளவு குறிப்பிடாமல் ரீசைஸ்2எஃப்எஸ் இட்டால் அதன் கோப்பு முறைமை வால்யூம் முழுவதும் பரவிக்கொள்ளும். ஹோமுக்கும் அவ்வாறே செய்தால் விட்டுவைத்த 2.5 ஜிபியும் மீண்டுவிடும்.

உங்கள் ஹோம் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் நடுவில் லக்ஸ் என்ற அடுக்கு ஒன்று உண்டு. கிரிப்ட்செட்டப் (cryptsetup) கட்டளை கொண்டு அதைத் திறந்து, உள்ளிருக்கும் கோப்பு முறைமையைச் சுருக்கி, மீண்டும் மூடிய பின்னரே வால்யூமைக் குறைக்க வேண்டும்.

தொடங்கும் முன் மின்கலத்தை நிறைத்து, தொடர்புகள், படங்கள், குறுஞ்செய்திகள் அனைத்தையும் கைப்பேசிக்கு வெளியே பிரதி எடுத்துவிடுங்கள். சுருக்கும்போது தரவுத் தொகுதிகள் இடம் மாறுகின்றன; நடுவில் மின்சாரம் நின்றாலோ கேபிள் கழன்றாலோ கோப்பு முறைமை சிதையக்கூடும். பிரதி எடுக்க இயலாத நிலையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: பைன்ஃபோன் என்ற லினக்ஸ் கைப்பேசிக்காக 64 ஜிபி மைக்ரோ எஸ்டி அட்டையில் லினக்ஸ் இமேஜை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய கோப்பை) எழுதினேன். சில ஜிபி மட்டுமே தெரிகிறது. அட்டை பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. இமேஜ் தனது பார்டிஷன் அட்டவணையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அதைத் தயாரித்தவர்கள் வைத்த அளவுதான் அட்டையிலும் பதிந்திருக்கிறது. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் முதல்முறை இயங்கும்போது ரூட்டைத் தாமே விரித்துக்கொள்ளும். அப்படி நிகழாவிட்டால், ரூட் கடைசிப் பார்டிஷனாகவும் இஎக்ஸ்டி4 ஆகவும் இருக்கும்பட்சத்தில், பார்ட்டட் (parted) என்ற நிரல் கொண்டு அதன் முடிவெல்லையை அட்டையின் இறுதிவரை நீட்டி, பிறகு ரீசைஸ்2எஃப்எஸ் இட்டால் போதும். இங்கே விரிப்பது மட்டுமே நடப்பதால் ஆபத்து குறைவு. ஆனால் முதல் பார்டிஷனின் தொடக்கத்தை முன்னே இழுத்துவிடாதீர்கள். அதற்கு முன்புள்ள இடம் காலிபோலத் தோன்றினாலும், பைன்ஃபோனின் ஆல்வின்னர் ஏ64 சிப் தனது பூட்லோடரை அட்டையின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தொலைவில் தேடுகிறது. அதன்மேல் வேறு தரவு எழுதப்பட்டால் அந்த அட்டையிலிருந்து கைப்பேசி துவங்காது.