முப்பது பெட்டுக்கு ஒரு சிஸ்டர்

வாசகர் கேள்வி பதில். இந்த இதழ்ல பதில் சொல்றவர் தமிழ்நாட்டுல பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு படிக்கிற மாணவி, ஒரு மாணவர் அமைப்புல தீவிரமா இருக்காங்க. அவங்க கேட்டுக்கிட்டதால பேரும் காலேஜும் போடல.

படிக்கிற பிள்ளைங்களுக்கு எதுக்கும்மா அரசியல்? நோயாளியைக் கவனிச்சா போதாதா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா வணக்கம். நோயாளியை ஒழுங்கா கவனிக்க முடியாமப் போறதாலதான் நான் அரசியல் பேச ஆரம்பிச்சேன். நைட் போஸ்டிங்ல, அதாவது ராத்திரி வார்டுப் பயிற்சியில, விடிகாலை அஞ்சு மணிக்கு ஒரு மெடிசின் வார்டு எப்படி இருக்கும்னு சொல்றேன். முப்பது பெட், தரையில பாய் போட்டு இன்னும் நாலஞ்சு பேரு, ஸ்டாஃப் நர்ஸ் ஒரே ஒருத்தர், கூட ஸ்டூடன்ட்ஸ் நாங்க ரெண்டு பேர். டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள எல்லாருக்கும் டெம்பரேச்சர், பல்ஸ், பிபி பார்த்து சார்ட்ல ஏத்தணும். பிபி மெஷின் ஒண்ணுதான், அதோட கஃப்ல ஒட்டுற பட்டை தேஞ்சு போய் காத்தடிச்சதும் பிரிஞ்சுக்கும், அதனால ஒருத்தி கையால இறுக்கிப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தி ஸ்டெத் வச்சுக் கேக்கணும். அதுக்குள்ள கடைசி பெட்லேர்ந்து ஒரு அம்மா "சிஸ்டர், பாட்டில் தீந்துருச்சு"ன்னு ஓடி வருவாங்க, போய்ப் பார்த்தா ட்யூப்ல ரத்தம் மேல ஏறி நிக்கும், சிஸ்டரைக் கூப்பிடலாம்னா அவங்க மூச்சுத்திணறல் வந்த ஒரு தாத்தாவுக்கு ஆக்சிஜன் வச்சிட்டு இருப்பாங்க.

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி பொது வார்டுல மூணு நோயாளிக்கு ஒரு நர்ஸ், மத்த ஆஸ்பத்திரில அஞ்சு பேருக்கு ஒருத்தர், ஐ.சி.யூ.ல ஆளுக்கு ஒருத்தர் இருக்கணும். இதை நாங்க புத்தகத்துல படிச்சு பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்குறோம். அப்புறம் வார்டுக்குப் போனா அந்தப் பள்ளத்தை ரொப்புற ஆளுங்களே நாங்கதான், கத்துக்க வந்தவங்க. எத்தனை நர்ஸ் போஸ்ட் போடணும்னு முடிவு பண்றது அந்த வார்டு சிஸ்டர் கிடையாது, டீனும் கிடையாது, அது அரசாணை, அதுக்குப் பின்னாடி சட்டமன்றத்துல பாஸ் ஆகுற பட்ஜெட். 2015ல எம்.ஆர்.பி.ங்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா ஆயிரக்கணக்கான நர்ஸுங்களை மாசம் 7,700 ரூபா தொகுப்பூதியத்துல எடுத்தாங்க, ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு சொன்னாங்க, பெரும்பாலானவங்களுக்கு ஆகல, அவங்க 2017 நவம்பர்ல சென்னையில மருத்துவத் துறை ஆபீஸ் இருக்குற டி.எம்.எஸ். வளாகத்துல உக்காந்து போராட வேண்டி வந்துச்சு. அந்த அக்காங்க தெருவுல உக்காந்தது எங்களுக்கும் சேர்த்துதான்யா. இதைப் பத்தி பேசாம அந்தத் தாத்தாவை மட்டும் கவனின்னா, எத்தனை பேரை எப்படிக் கவனிக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க.

அக்கா, நான் ஃபர்ஸ்ட் இயர். போராட்டம், மனுன்னு போனா அட்டெண்டன்ஸ் போயிடும், இன்டர்னல் மார்க்ல கை வச்சிடுவாங்கன்னு சீனியர்ஸ் பயமுறுத்துறாங்க. நிஜமா?
மாணவி, சேலம்

பயம் நியாயமானதுதான்டா, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். நமக்கு பரீட்சை எழுத தியரி, பிராக்டிகல் ரெண்டுலயும் 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும், டிகிரி கைக்கு வரணும்னா பிராக்டிகல் போஸ்டிங் நூறு சதவீதம் முடிச்சிருக்கணும். போஸ்டிங்ல செஞ்சதைப் பதியுற லாக் புக்ல கையெழுத்து போடுற பேனா அவங்க கைல இருக்கு. அதனாலதான் நர்சிங் காலேஜ்ல மத்த காலேஜ் மாதிரி சட்டுனு யாரும் வாயத் தொறக்கறதில்ல.

அதனால தனியா போகாத. நான் பார்த்தவரைக்கும் ஒருத்தி போய் பிரின்சிபால் மேடம்கிட்ட பேசினா அவ 'பிரச்சினை பண்ற பொண்ணு' ஆயிடுறா, அதையே பேட்ச் மொத்தமும் கையெழுத்து போட்டு தேதி போட்டு ஒரு காப்பி வச்சுக்கிட்டு குடுத்தா பதில் வருது. ஹாஸ்டல் தண்ணி, நைட் போஸ்டிங் முடிஞ்சு வந்த அன்னைக்கே கிளாஸ் வைக்கிறது, இந்த மாதிரி எல்லாருக்கும் வலிக்கிற ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க. ஆர்ப்பாட்டத்துக்குப் போறதா இருந்தா டியூட்டி இல்லாத நாள்ல போங்க, நோயாளியை விட்டுட்டு மட்டும் போகக்கூடாது, இதுல நான் ரொம்ப கறார். அமைதியா கூடுறதும் சங்கம் வைக்கிறதும் அரசியலமைப்புச் சட்டம் 19வது பிரிவு குடுத்த உரிமை, காலேஜ் ரூல் புக் அதுக்கு மேல கிடையாது.

எலெக்‌ஷன் பத்தியும் ஒரு வார்த்தை. மாணவர் பேரவைத் தேர்தலை எப்படி நடத்தணும்னு லிங்டோ கமிட்டி சொன்னதை 2006லயே சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சு, வேட்பாளருக்கு செலவு வரம்பு 5,000 ரூபா, 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் எல்லாம் அதுல இருக்கு. நம்ம பக்கம் நிறைய காலேஜ்ல இன்னும் ஸ்டாஃப் கை காட்டுற ஆளுதான் ரெப்ரசென்டேடிவ். எஸ்.என்.ஏ.ன்னு 1929லேர்ந்து இருக்குற மாணவ நர்ஸுங்க சங்கம் நம்ம காலேஜ்லயே இருக்கும், ஆனா அது பாட்டுப்போட்டி, ரங்கோலியோட நின்னுடுது. அந்த மீட்டிங்லயே டியூட்டி நேரத்தைப் பத்தி ஒரு கேள்வி எழுப்பிப் பாரு.

மகள் பாதியில கோர்ஸை விட்டுட்டா. முழு ஃபீஸும் கட்டினாத்தான் சர்ட்டிஃபிகேட் தருவோம்ங்கிறாங்க.
பெற்றோர், விருதுநகர்

தரணும்மா. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை சரிபார்த்துட்டு திருப்பிக் குடுத்துடணும், கைல வச்சுக்கக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018ல தெளிவா சொல்லியிருக்கு. சர்ட்டிஃபிகேட் அடகுப் பொருள் இல்லன்னு சென்னை ஹைகோர்ட்டும் சொல்லியிருக்கு. வாய்ல கேக்காதீங்க, பதிவுத் தபால்ல எழுதிக் கேளுங்க, ஒரு காப்பி யுனிவர்சிட்டிக்கும் போகட்டும்.

நாப்பது பெட் இருக்குற தனியார் ஆஸ்பத்திரில ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடிச்சு வேலை பாக்குறேன். சம்பளம் 12,000. இதுக்கு சட்டமே இல்லையா?
நர்ஸ், கோவை

அக்கா, உங்க கேள்வியைப் படிச்சதும் கோவம்தான் வந்துச்சு, ஏன்னா விடை பத்து வருஷமா பேப்பர்ல இருக்கு. 2016 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டுச்சு. 200 பெட்டுக்கு மேல இருந்தா அரசு நர்ஸுக்கு சமமான சம்பளம், 100லேர்ந்து 200 வரைக்கும் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல குறையக் கூடாது, 50லேர்ந்து 100 வரைக்கும் 25 சதவீதத்துக்கு மேல குறையக் கூடாது, 50க்குக் கீழ எவ்வளவு சின்ன ஆஸ்பத்திரியா இருந்தாலும் 20,000க்குக் குறையக் கூடாதுன்னு அந்தக் கமிட்டி சொல்லிச்சு. உங்க ஆஸ்பத்திரி அந்தக் கடைசி வகை. ஆனா அது பரிந்துரை, மாநில அரசு சட்டமாவோ குறைந்தபட்ச கூலி அறிவிப்பாவோ கொண்டு வந்தாத்தான் உங்க முதலாளியை அது கட்டும். கேரளாவுல நர்ஸுங்க சங்கமாச் சேர்ந்து ஸ்ட்ரைக் பண்ணி 2018 ஏப்ரல்ல 20,000ன்னு அறிவிப்பு வாங்கினாங்க. அங்க நடந்ததுக்கும் இங்க நடக்காததுக்கும் நடுவுல இருக்குறது சங்கம்தான்னு நான் உறுதியா நம்புறேன். உங்க ஊர்ல வேற வேற ஆஸ்பத்திரில இருக்குற நாலு பேர் ஒரு ஞாயித்துக்கிழமை சேர்ந்து உக்காந்து சம்பளச் சீட்டை எடுத்துப் போட்டுப் பாருங்க அக்கா, அங்கேர்ந்துதான் எல்லாம் ஆரம்பிக்கும்.

நீட்ல உங்க நிலைப்பாடு என்ன? நர்சிங்குக்கும் கொண்டு வந்துருவாங்களா?
பிளஸ் டூ மாணவர், தேனி

தம்பி, நான் நீட்டுக்கு எதிர். 2007லேர்ந்து 2016 வரைக்கும் இங்க பிளஸ் டூ மார்க்லதான் எம்.பி.பி.எஸ். சீட், அப்படிச் சேந்தவங்கதான் இன்னைக்கு நம்ம பி.எச்.சி.லயும் ஜி.எச்.லயும் பிரசவம் பார்க்குறாங்க, அவங்க என்ன குறைஞ்சு போனாங்க? 2020ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ சீட்டுல 7.5 சதவீதம் ஒதுக்கினது பெரிய உதவி, அதை யாரும் குறைச்சுப் பேசக்கூடாது, ஆனா அது நீட் போட்ட காயத்துக்கு மருந்து. சட்டமன்றம் 2021ல விலக்கு மசோதா போட்டு, கவர்னர் திருப்பியனுப்பி, 2022ல மறுபடி போட்டும் ஒப்புதல் கிடைக்கல. மருத்துவக் கல்வி 1976 அரசியலமைப்புத் திருத்தத்துல பொதுப்பட்டியலுக்கு, அதாவது மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பட்டியலுக்கு, போனதோட விளைவு இது.

நர்சிங்குக்கு இப்ப தமிழ்நாட்டு கவுன்சிலிங்ல பிளஸ் டூ மார்க்தான். ஆனா 1947 நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலா வந்த 2023 தேசிய நர்சிங் ஆணையச் சட்டத்துல சேர்க்கைக்கு ஒரே சீரான நடைமுறைன்னு ஒரு வரி இருக்கு. அந்த வரி நுழைவுத்தேர்வா மாறக் கூடாதுன்னா இப்பவே பேசணும், வந்தப்புறம் பேசி என்ன பலன்னு நீட்ல பார்த்துட்டோம்ல.

கொல்கத்தா சம்பவத்துக்கு அப்புறம் மகளை நைட் டியூட்டிக்கு அனுப்பவே நடுக்கமா இருக்கு.
ஒரு தாய், திருநெல்வேலி

அம்மா, கொல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரில டியூட்டில இருந்த பயிற்சி டாக்டரைப் பாலியல் வன்கொடுமை செஞ்சு கொன்ன அந்த 2024 ஆகஸ்ட் 9க்கு அப்புறம் எங்க ஹாஸ்டல்லயும் யாரும் சரியா தூங்கல. தமிழ்நாட்டுல 2008லேர்ந்தே ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினா 3லேர்ந்து 10 வருஷம் ஜெயில்னு சட்டம் இருக்கு, இருந்தும் 2024 நவம்பர்ல சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரில ஒரு டாக்டருக்குக் கத்திக்குத்து விழுந்துச்சு. கேமரா வைக்கிறோம், செக்யூரிட்டி போடுறோம்ங்கிறாங்க, வைக்கட்டும். நாங்க கேக்குறது இன்னும் சாதாரணமானது: உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போடுற மாதிரி ஒரு டியூட்டி ரூம், வார்டுக்குப் பக்கத்துலயே பெண்களுக்கு டாய்லெட், ஹாஸ்டல்லேர்ந்து வார்டு வரைக்கும் லைட். இன்னொண்ணு, வார்டுல சத்தம் போடுற பல பேர் ரவுடி இல்லம்மா, ரெண்டு மணி நேரமா யாருமே வந்து பாக்கலன்னு தவிச்சுப் போன சொந்தக்காரங்க. மூணு நர்ஸ் இருக்க வேண்டிய இடத்துல ஒருத்தர் இருந்தா அந்தக் கோவம் முதல்ல விழறது அந்த ஒருத்தர் மேல. உங்க மகள்கிட்ட கேளுங்க, அவ வார்டுல நைட்ல எத்தனை ஸ்டாஃப்னு. பதிலை வச்சு ஆஸ்பத்திரிக்கும் உங்க எம்.எல்.ஏ.வுக்கும் பெற்றோரா சேர்ந்து எழுதுங்க. ஸ்டூடன்ட் எழுதினா மிரட்டலாம், அம்மாங்களை மிரட்ட முடியாது.

ஹாஸ்டல்ல இருக்கேன், 18 முடிஞ்சிடுச்சு. ஓட்டு இங்க போடணுமா, ஊர்லயா?
மாணவர், தஞ்சாவூர்

ரெண்டுல எது வேணுமோ அது. ஹாஸ்டல் முகவரியில வேணும்னா படிவம் 6 கூட காலேஜ்ல படிக்கிறேன்னு பிரின்சிபால் கையெழுத்து போட்ட போனஃபைடு வை, ஊர்லயே இருக்கட்டும்னா வீட்டு முகவரியைக் குடு. ரெண்டு இடத்துலயும் பேர் இருக்கக் கூடாது. லீவு கிடைக்குமான்னு சந்தேகம் இருக்குறவங்க ஹாஸ்டல் முகவரியையே வச்சுக்குங்க, போஸ்டிங் நாள்னாலும் வார்டுலேர்ந்து நடந்தே போய் போட்டுட்டு வந்துடலாம்.